நலம், மிக நலம், மிக மிக நலம்

போடிநாயக்கனூரில் மருத்துவக் காளான் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது அதனிடம் வாடகைக் கட்டடம் ஒன்று, ஜீப்பு ஒன்று, ஊழியர்கள் பதினொரு பேர், ரப்பர் முத்திரைகள் எட்டு இருந்தன. காளான் மட்டும் இல்லை.

அது 1979ஆம் ஆண்டு. கட்டடம் முன்பு ஏலக்காய்க் கிட்டங்கியாக இருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரிலிருந்து ஏலக்காய் வாசனை போகவில்லை. அந்த வாசனை விஞ்ஞான மனநிலைக்கு ஊறு செய்கிறது என்று இயக்குநர் டாக்டர் சுந்தரராஜ் மேலிடத்துக்கு எழுதினார். அவர் ஊசி போடும் டாக்டர் அல்ல. பூஞ்சைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அந்தப் பட்டத்தை வாங்கியவர். ஆனால் பெயர்ப்பலகையில் அந்த விவரத்துக்கு இடம் இல்லை.

காளான் இல்லாமலே நிலையம் எட்டு மாதம் நன்றாக நடந்தது. வாரம் ஒரு கூட்டம், மாதம் ஓர் அறிக்கை. எல்லா அறிக்கைகளிலும் ‘ஆய்வு திருப்திகரமாக முன்னேறி வருகிறது’ என்று இருந்தது. ஒன்பதாவது மாதம் மேலிடத்தில் யாரோ அறிக்கையைப் படித்துவிட்டார்கள். எந்தக் காளான் என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஜீப்பு முதன்முதலாக மலை ஏறியது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காசிமாயன் நிழல் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தான். கீழே சிலமலை ஊர்க்காரன். எட்டு வருடமாக மனைவி ஒச்சம்மாளுடன் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தான். அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்ட மரம். அதன் உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகக் கட்டைக் காளான் முளைத்திருந்தது. மலையில் அதற்கு ஒரே ஒரு பயன்தான். காயவைத்துக் கொளுத்தினால் தணல் போலக் கனிந்து நாளெல்லாம் புகையும். ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து காய் பறிக்கும் பெண்கள் கொசு அண்டாமல் இருக்க அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அதை யாரும் தின்றதில்லை. மாடுகூடத் தின்றதில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கள அலுவலர் தங்கபாண்டியன். கையில் தாள் செருகிய அட்டை வைத்திருந்தார்.

“இது என்னய்யா?”

“காளானுங்க.”

“இதை நீங்க மருந்தா சாப்பிடுறது உண்டா?”

ஜீப்பில் வந்தவரிடம் இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த மலையில் கிடையாது. முந்தின வருடம் சோலைமலை என்ற பெரியவர், வேறொரு ஜீப்பில் வந்த ஒருவர் கேட்ட கேள்விக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கீழே ஏதோ ஓர் அலுவலகத் தாழ்வாரத்தில் மூன்று நாள் குந்தியிருந்தார். ஆமாம் என்று சொன்ன யாருக்கும் இதுவரை எதுவும் ஆனதில்லை.

“ஆமாங்கய்யா,” என்றான் காசிமாயன்.

“இருமலுக்கா?”

“ஆமாங்கய்யா.”

“மூட்டுவலிக்கு? ரத்த சுத்திக்கு? ஞாபக சக்திக்கு?”

மூன்றுக்கும் ஆமாம் என்றான்.

“எத்தனை தலைமுறையா?”

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. காசிமாயன் தவித்தான். தங்கபாண்டியன் இரக்கப்பட்டு, “ஏழு இருக்குமா?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

தாளில் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். நான்கு பட்ட மரங்களை அறுத்து ஏற்றினார்கள். காளானுக்கு மரம் தேவை என்பதால் அல்ல, வெறும் ஜீப்பாகத் திரும்பினால் டீசலுக்குக் கணக்குச் சொல்ல முடியாது என்பதால்.

அடுத்த மூன்று மாதத்தில் காளான் தேநீர் பிறந்தது. கட்டைக் காளானை இடித்து, மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து, கருப்பட்டி போட்டு இறக்கினார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அங்கே பெரிய அலுமினிய டிரம் வந்து இறங்கியது. ஒரு தம்ளர் தேநீரைக் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினால்தான் பெயர் பதிவார்கள். பெயர் பதியாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

அதன் மணத்தை எழுதுவது கடினம். மழையில் கிடந்த சாக்கு, அடைத்து வைத்த அறை, மூன்று நாள் கழித்துத் திறந்த தூக்குச்சட்டி எல்லாம் அதில் இருந்தன. குடித்த பிறகு மத்தியானம் வரை ஏப்பத்தில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

ஒச்சம்மாள் முதல் நாளே சொன்னாள்: “இந்தக் கட்டையக் கொளுத்துனா கொசு ஓடுது. அப்ப வயித்துக்குள்ள ஊத்துனா நோய் ஓடும்னு கணக்குப் போட்டிருக்காக. ஓடுறதுக்கு நோய் என்ன கொசுவா?”

பக்கத்தில் நின்ற பேச்சி சிரித்துத் தேநீரைத் துப்பிவிட்டாள். அவளுக்கு இன்னொரு தம்ளர் ஊற்றினார்கள்.

தொடக்க விழாவுக்கு இயக்குநரே மலைக்கு வந்தார். குடை பிடித்துக்கொண்டு பேசினார்.

“தொழிலாளத் தோழர்களே! நீங்கள் மருந்து கேட்கிறீர்கள். மருந்து செலவு. ஆஸ்பத்திரி கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும். டாக்டர் வருவதற்கு ரோடு வேண்டும். டாக்டர் தங்குவதற்கு வீடு வேண்டும். காளானுக்கு என்ன வேண்டும்? அழுகிய மரம் ஒன்று போதும். அழுகியவற்றுக்கு நம்மிடம் என்றைக்காவது பஞ்சம் இருந்ததா?”

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

கங்காணி பொன்னுமணி வெகுளி. ஒரு தம்ளர் தேநீரை இயக்குநரிடம் நீட்டி, “ஐயா ஒரு வாய் சாப்பிடுங்க,” என்றார். இயக்குநர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“நான் குடிக்கக் கூடாது. விஞ்ஞானத்தில் ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. ஒரு பகுதி மக்கள் குடிக்க வேண்டும், ஒரு பகுதி குடிக்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் பலன் தெரியும். நிலையத்தின் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் குடிக்காத பகுதி. எங்களுக்கு நோய் வந்தால் ஆங்கில ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்தத் தியாகத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.”

குடிக்கும் பகுதிக்கு ஆளுக்கொரு பச்சை அட்டை கொடுத்தார்கள். அட்டையில் மூன்று கட்டங்கள் இருந்தன. நலம், மிக நலம், மிக மிக நலம். வாரம் ஒரு முறை தங்கபாண்டியன் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றில் குறி போடுவார். நான்காவது கட்டம் அச்சிடப்படவில்லை.

ஒச்சம்மாளுக்கு அந்தப் பங்குனியில் இருமல் தொடங்கியது. சித்திரையில் சாயங்காலக் காய்ச்சல் சேர்ந்துகொண்டது. வைகாசியில் காய்க் கூடையைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாமல் இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள். தோட்டத்துக் கம்பவுண்டர் திருப்பதி அவள் முதுகில் குழல் வைத்துப் பார்த்துவிட்டுக் குழலைக் கழற்றி வைத்தார்.

“காசிமாயா, இது என் மாத்திரைக்கு அடங்குற சோலி இல்ல. மதுரைப் பக்கம் காச ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி போட்டாப் பொழைச்சுக்கிரும். இந்தக் காலத்துல இதுக்குச் சாக வேண்டியதில்ல. ஆனா லேட் பண்ணாத.”

“சீட்டு எழுதிக் குடுங்கய்யா.”

“எழுதுறேன். ஆனா அது செல்லாது. காளான் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். ஆய்வுல இருக்கிற ஆளு வேற மருந்து சாப்பிட்டா ஆய்வு கெட்டுப்போகுமாம். சர்க்குலர் வந்திருக்கு.”

சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காது. ஆய்வை விட்டுப் போனால் லயத்தில் வீடு கிடையாது. ஆகவே காசிமாயன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினான்.

நிலையத்தில் தங்கபாண்டியன் அவனை உட்காரச் சொல்லவில்லை என்றாலும் அன்பாகப் பேசினார்.

“இருமல் கூடியிருக்கா? நல்லது.”

“நல்லதுங்களாய்யா?”

“வீட்டைக் கூட்டினா தூசி பறக்குமா, பறக்காதா?”

“பறக்குமுங்க.”

“அதான். காளான் உள்ளே போய்க் கூட்டுது. நோய் வெளியே வருது. இப்போ போய் நிறுத்தினா என்ன ஆகும்? தம்ளரை இரண்டாக்கு.”

அட்டையில் ‘மிக நலம்’ என்று குறி போட்டுக் கொடுத்தார்.

ஒச்சம்மாள் இரண்டு தம்ளர் குடித்தாள். பத்து நாளில் இருமலோடு ரத்தம் வந்தது. காசிமாயன் அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினான். மேசையில் விரித்தான். தங்கபாண்டியன் நாற்காலியைச் சுவர் வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்டி நின்றபடியே தாளில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: “சளி: நிறத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம்.” பிறகு பியூனைக் கூப்பிட்டு, துணியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் போடச் சொன்னார். சீசாவுக்கு ஓர் எண் கொடுக்கப்பட்டது. தன் மனைவியின் ரத்தம் அலமாரிக்குள் பூட்டப்படுவதைக் காசிமாயன் பார்த்துக்கொண்டு நின்றான். அதைத் திருப்பிக் கேட்கலாமா, கேட்டால் எதற்கு என்று சொல்வது என்றெல்லாம் யோசித்தான். கேட்கவில்லை.

அன்று பஸ்சில் ஏறாமல் மலையடிவாரத்து முந்தல் வரை நடந்தான். நடக்கும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. இத்தனைக்கும் காரணம் தான் சொன்ன ஆமாம்தான். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் டிரம் போய்விடும், அட்டை போய்விடும், சீட்டு செல்லும். மறுநாள் நேராக இயக்குநர் அறைக்குள் போய்த் தரையில் விழுந்து எழுந்தான்.

“ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். அத எங்க ஆளுக யாரும் தின்னதில்ல. கொசுவுக்குத்தான் கொளுத்துவோம். ஐயாமாரு கேட்டீகளேன்னு ஆமான்னுட்டேன்.”

இயக்குநர் கோபப்படவில்லை. கோப்பு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

“இது யார் ரேகை?”

“என்னுதுங்க.”

“இதில் பேசுவது நீ மட்டும் அல்ல. ஏழு தலைமுறை. அவர்கள் காளான் சாப்பிட்டார்கள் என்று எழுத்தில் இருக்கிறது. சாப்பிடவில்லை என்பது உன்னுடைய கருத்து. உன் ஒருவன் கருத்துக்காக உன் முன்னோர்களை நான் பொய்யர்கள் ஆக்க முடியுமா? பாரம்பரிய அறிவின் மிகப் பெரிய எதிரி யார் தெரியுமா? அந்தப் பாரம்பரியத்தில் பிறந்தவன்தான்.”

தன் தாத்தா பேர்கூடக் காசிமாயனுக்குத் தெரியாது. இவர்களுக்கு ஏழு பேரையும் தெரிந்திருந்தது.

“ஆனாலும் உன் கஷ்டம் புரிகிறது,” என்றார் இயக்குநர். “அடுத்த மாதம் கருத்தரங்கு. மேலிடத்திலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். குணமடைந்த ஒருவர் மேடையில் பேச வேண்டும். அதிகத் தம்ளர் குடித்தவள் உன் மனைவிதான். அவள் வந்து நலம் என்று சொல்லட்டும். அத்தோடு அவள் அளவில் ஆய்வு முடிந்தது. ஆய்வு முடிந்தால் தடை இல்லை. தடை இல்லை என்றால் கடிதம்.”

சீக்காளி என்று கடிதம் வாங்க, சீக்கு இல்லை என்று மேடையில் சொல்ல வேண்டும். காசிமாயன் இதைப் பல விதமாகத் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் கடிதம் இருந்தது.

ஒச்சம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சொல்லிட்டுப் போறேன். வாய்தானே. நெஞ்சு சும்மா இருக்கணுமே.”

நிலையத்தில் தட்டச்சு செய்பவர் ஜெயபாக்கியம். போடிக்காரர், நாற்பது வயது, கண்ணாடி போட்டவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். ஒத்திகை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒச்சம்மாளை நிற்கவைத்தார். முதல் நாள் நாற்பது விநாடியில் இருமல் வந்துவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு நிமிடம். ஒரு வாரத்தில், நாக்குக்கு அடியில் இரண்டு ஏலக்காயை அடக்கிக்கொண்டு, நான்கு நிமிடம் இருமாமல் நிற்கப் பழகினாள். பேச்சு மூன்று நிமிடம்.

“முடியலைன்னா கையைத் தூக்கு ஆத்தா. நான் மைக்கை நிறுத்தச் சொல்றேன்,” என்றார் ஜெயபாக்கியம்.

“தூக்கினா லெட்டர் கெடைக்குமாம்மா?”

ஜெயபாக்கியம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

கருத்தரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேலிடத்து ஆறு பேருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று அதில் காளான் சேர்க்கவில்லை. நல்ல பால், நல்ல தூள், ஏலக்காய். குடித்த ஒருவர் எழுந்து, “இத்தனை சுவையான மருந்தை நான் வாழ்நாளில் குடித்ததில்லை. மலைமக்கள் கொடுத்துவைத்தவர்கள்,” என்றார். அது குறிப்பில் பதியப்பட்டது.

இயக்குநர் வரவேற்புரையின் நடுவில் இருமினார். பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்து, ஆங்கில சிரப்பை மூடியில் ஊற்றி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “நான் ஒப்பீட்டுக் குழு,” என்று சபைக்கு விளக்கினார். சபை சிரித்துக் கைதட்டியது.

ஒச்சம்மாளைப் புதுச் சேலையில் கூட்டிவந்தார்கள். சேலை நிலையத்துச் சேலை, விழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அவள் மைக்கின் முன்னால் நின்றாள்.

“என் பேரு ஒச்சம்மாள். எனக்கு இருமல் இருந்தது. காளான் தேநீர் குடித்தேன். இப்போது மிக மிக நலம். நிலையத்துக்கு நன்றி.”

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆறு பேரில் ஒருவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “அம்மா, இரவில் தூக்கம் எப்படி? பசி எடுக்கிறதா? மலையில் எத்தனை மைல் நடப்பீர்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒச்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “நன்றிக் கண்ணீர்!” என்றார் தங்கபாண்டியன் மைக்கில். போட்டோ எடுத்தார்கள். முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த காசிமாயன் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், அது அவளுக்கு உதவும் என்பது போல.

மேடைக்குப் பின்னால் வந்ததும் அவள் சரிந்தாள். ஜெயபாக்கியம் தாங்கிப் பிடித்தார். அவர் தோளிலும் முந்தானையிலும் ரத்தம். அந்தப் பக்கம் நாதஸ்வரம் வாசித்தார்கள். ஒச்சம்மாளுக்கு மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நிலையத்துச் சேலையில படலையே?”

மறுநாள் காசிமாயன் கடிதத்துக்குப் போனான். இயக்குநர் வருத்தத்துடன் தலையை அசைத்தார்.

“நேற்று முந்நூறு பேர் முன்னால் அவள் நலம் என்று சொன்னாள். இன்றைக்கு அவளை நோயாளி என்று நான் எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சான்று ஆகாதா? என் பணிக்காலத்தில் ஒரு பொய்யில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்காக அதைத் தொடங்கச் சொல்கிறாயா?”

காசிமாயன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். அழவில்லை. கையில் கிடந்த காய்ப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரோட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டிகள் போயின. நெடுநேரம் கழித்து ஜெயபாக்கியம் வந்து பக்கத்தில் நின்றார்.

“உனக்கு இங்க வேலைக்குச் சேரச் சம்மதமா அண்ணே?”

“என்னம்மா சொல்றீக?”

“டீ ஊத்துற ஆள் நாத்தம் தாங்காம ஓடிட்டான். அந்த இடம் காலியா இருக்கு. நீ சேர்ந்தா நிலையத்து ஊழியர். உன் பொண்டாட்டி ஊழியர் குடும்பம். ஊழியர் குடும்பம் தேநீர் குடிக்கக் கூடாது. சீக்கு வந்தா ஆங்கில ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அன்னைக்கே கடிதம் குடுக்கணும்னு ஐயாவே உத்தரவு போட்டிருக்காரு.”

“ஐயா கையெழுத்துப் போடுவாரா?”

“கோப்புல நாடா கட்டியிருந்தா எதுலயும் போடுவாரு. வாசிக்கிறது கிடையாது.”

புதன்கிழமை நியமன ஆணை. வியாழக்கிழமை கடிதம். இரண்டிலும் இயக்குநர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை பஸ்சில் ஒச்சம்மாள் மதுரைப் பக்கம் போனாள். ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து அன்றே முதல் ஊசியைப் போட்டார்கள்.

திங்கட்கிழமை காசிமாயன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அதே பெரட்டுக் களத்தில் டிரம்மின் பின்னால் நின்றான். வரிசையில் வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் தம்ளர்களைத்தான் பார்த்தான். எட்டு வருடம் உடன் நின்றவர்களுக்குக் கையால் ஊற்றினான். அந்த நாற்றம் அவன் சட்டையில் ஏறியது, சோற்றில் ஏறியது. ஊற்றுவதை நிறுத்தினால் வேலை போகும். வேலை போனால் கடிதம் போகும். இதற்கு மேல் அவன் யோசிக்காமல் இருக்கப் பழகினான்.

மூன்றாவது வாரம் பேச்சி தம்ளரை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அந்தச் சத்தத்தைக் காசிமாயனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஒரே பாயில் கேட்ட சத்தம்.

“ஊத்துண்ணே. வெரசா ஊத்து, பேரு கூப்பிடுறாக,” என்றாள்.

அவன் கரண்டியை டிரம்முக்குள் போட்டான். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஜெயபாக்கியத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

“இது யாரு?”

“தங்கச்சிங்க.”

“கூடப் பிறந்ததா?”

“அண்ணேன்னுதான் கூப்பிடுவா.”

ஜெயபாக்கியம் பேச்சியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பவுண்டர் சீட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். ஊழியர் குடும்பம்: தங்கை, ஒன்று.

லயத்தில் யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அமாவாசை என்பவன் காசிமாயனை மச்சான் என்பான். ஆகவே மைத்துனன். பெரியம்மாளை அவன் சின்னாத்தா என்பான். ஆகவே சிற்றன்னை. ஜக்கையனுக்கு மருமகன் முறை வந்தது. கம்பவுண்டர் குழல் வைத்துப் பார்த்து அனுப்ப, ஜெயபாக்கியம் உறவு கேட்டுத் தட்ட, இயக்குநர் நாடாவை அவிழ்த்துக் கையெழுத்திட்டார். பத்து மாதத்தில் காசிமாயன் குடும்பத்திலிருந்து பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜெயபாக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று.

பத்தொன்பதாவது கடிதத்தில் இயக்குநரின் பேனா நின்றது. முதன்முறையாக வாசித்தார். காசிமாயனை வரச் சொன்னார். ஜெயபாக்கியம் தட்டச்சுப் பொறிக்கு உறை போட்டு மூடிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வேலை போகும் என்று காத்திருந்தார்.

“பத்தொன்பது பேரும் உன் குடும்பமா?”

“ஆமாங்கய்யா.”

“பத்தொன்பது பேருக்கும் காசம்?”

“ஆமாங்கய்யா.”

“யாரும் இப்போது தேநீர் குடிப்பதில்லையே?”

“ஊழியர் குடும்பமுங்க. குடிக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

இயக்குநர் எழுந்து அறைக்குள் நடந்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தங்கபாண்டியனைக் கூப்பிட்டு, லயத்து அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். தேநீர் குடித்த இருநூற்றுச் சொச்சம் பேரின் அட்டைகளில் காசம் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? இருமியவர்கள் எல்லாரும் காசிமாயன் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

“பாருங்கள்!” என்றார் இயக்குநர். “ஒரே மலை. ஒரே காற்று. ஒரே தண்ணீர். தேநீர் குடித்தவர்களில் ஒருவருக்கும் நோய் இல்லை. தேநீர் குடிக்காத ஒரே குடும்பத்தில் பத்தொன்பது நோயாளிகள். இதைவிடத் தூய்மையான ஒப்பீட்டுக் குழு உலகத்தில் எந்த விஞ்ஞானிக்குக் கிடைத்திருக்கிறது? காசிமாயா, உன் குடும்பம் விஞ்ஞானத்துக்காகச் சீக்குப் பட்டிருக்கிறது!”

கடைசிக் கடிதத்தில் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. மேலிடம் இந்த முறை முழுவதும் படித்தது. இயக்குநருக்குப் பதவி உயர்வு. தங்கபாண்டியனுக்குப் புது ஜீப்பு. காசிமாயனுக்கு ஒரு பொன்னாடையும், மஞ்சள் தகர டப்பாவில் காளான் தூளும் கொடுத்தார்கள்.

ஒச்சம்மாள் திரும்பி வந்திருந்தாள். இடுப்பெல்லாம் ஊசித் தழும்பு, கன்னத்தில் கொஞ்சம் சதை. இன்னும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது, ஆனால் கூடையைத் தூக்கினாள். காசிமாயன் விழாவிலிருந்து வந்து பொன்னாடையை மடித்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் டப்பாவைத் திறந்து மோந்துபார்த்து, முகத்தைச் சுளித்து, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“என்ன சொன்னாக?”

“தை பொறந்ததும் இன்னும் நாப்பது எஸ்டேட்டுல டீ ஊத்தப் போறாகளாம். அட்டையெல்லாம் அச்சடிச்சாச்சு. ஜீப்புல எல்லா எஸ்டேட்டுக்கும் நாந்தான் டிரம் கொண்டுபோகணுமாம்.”

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

“ஏய்யா,” என்றாள் பிறகு, “அந்த நாப்பது எஸ்டேட்லயும் நமக்குச் சொந்தக்காரங்க இருக்காகளா?”

காசிமாயன் யோசித்துப் பார்த்தான். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

“போய்த்தான் பழகணும்,” என்றான்.